லேப் புரோட்டோகாலில் எதை எழுதுவது, எதை விடுவது

எழுதி முடித்த புரோட்டோகாலை, அதாவது சோதனையின் செய்முறைத் தாளை, பிப்பெட் பிடிக்கத் தெரிந்த, ஆனால் அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர் எங்கெல்லாம் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் விவரம் போதவில்லை.

பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் டிஎன்ஏ (குரோமோசோமிலிருந்து தனியாக இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) எடுக்கும் மினிபிரெப்பைப் பாருங்கள். மூன்று கரைசல்கள்: 100, 200, 150 மைக்ரோலிட்டர். இந்த எண்களை யாரும் விடுவதில்லை. விட்டுப்போவது கலக்கும் விதம்தான். "இரண்டாம் கரைசலைச் சேர்த்துக் கலக்கவும்" என்று மட்டும் இருந்தால், பழக்கத்தில் கை, டியூபை வேகமாக அதிரவைத்துக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவிக்குப் போகும். குரோமோசோம் டிஎன்ஏ துண்டு துண்டாகி பிளாஸ்மிடோடு சேர்ந்து வந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

"டியூபை மூடி, 5 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பவும். வோர்டெக்ஸ் கூடாது. கலங்கல் தெளிந்து கொழகொழப்பாகும். 5 நிமிடத்துக்குள் மூன்றாம் கரைசலைச் சேர்க்கவும். தாமதித்தால் காரத்தில் பிளாஸ்மிட் மீளமுடியாதபடி உருக்குலையும்."

செய்யவேண்டியது, கண்ணுக்குத் தெரியவேண்டியது, காரணம் மூன்றும் இதில் இருக்கின்றன. காரணம் தெரிந்தவர் ஒரே நேரத்தில் 24 டியூப்களில் இரண்டாம் கரைசலை ஊற்றிவிட்டுத் திண்டாடமாட்டார்.

கரைசல் தயாரிப்பில் சிக்கனம் வேண்டாம். இரண்டாம் கரைசல் 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடும் (காரம்) 1% எஸ்டிஎஸ்ஸும் (ஒரு டிடர்ஜென்ட்). 10 மி.லி.க்கு: தண்ணீர் 8.8 மி.லி., 10 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி., கடைசியாக 10% எஸ்டிஎஸ் 1 மி.லி. அன்றன்றைக்குத் தயாரிக்கவேண்டும், ஐஸில் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குளிரில் எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படிந்துவிடும். மற்ற இரண்டும் ஐஸில் இருப்பதால் இதையும் அங்கேயே செருகுவார்கள். மூன்றாவதை "3 மோலார் பொட்டாசியம் அசிடேட்" என்று சுருக்கினால், உப்பை மட்டும் எடைபோட்டுக் கரைத்து, அமிலத்தை விட்டுவிடுவார்கள், காரம் சமனாகாது. 100 மி.லி.க்கு 5 மோலார் பொட்டாசியம் அசிடேட் 60, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 11.5, தண்ணீர் 28.5 மி.லி. என்று முழுதாகவே கொடுங்கள்.

உப்பின் பெயரோடு நீரேற்றமும், அதாவது அதோடு பிணைந்த நீர் எவ்வளவு என்பதும் வேண்டும். 0.1 மோலார் கால்சியம் குளோரைடு ஒரு லிட்டருக்கு, டைஹைட்ரேட் என்றால் 14.7 கிராம், நீரற்றது என்றால் 11.1 கிராம்.

சென்ட்ரிஃபியூஜுக்கு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் போதாது. 13,000 ஆர்பிஎம் என்பது 7 செ.மீ. ஆரமுள்ள ரோட்டாரில் ஏறக்குறைய 13,200 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசை), 10 செ.மீ. ஆரத்தில் 18,900 ஜி. அதனால் ஜி அளவையே எழுதுங்கள்.

"ஓவர்நைட்" வேண்டாம், "37 டிகிரியில், 200 ஆர்பிஎம் ஷேக்கரில், 12 முதல் 16 மணி நேரம்" என்று எழுதுங்கள். "அறை வெப்பநிலை"யும் அப்படித்தான்: ஏசி லேபில் 22 டிகிரி, மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் 33க்கு மேல்.

எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரியவேண்டும். டிஎன்ஏவைப் படியவைக்க எத்தனால் சேர்த்தபின் மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க வைக்கலாம் என்றால், அந்த இடத்தில் "இங்கே நிறுத்தலாம்" என்று போடுங்கள்.

பிப்பெட் பிடிப்பது, ஆட்டோகிளேவ் ஓட்டுவது இதில் வேண்டாம்; அவற்றுக்குத் தனித் தாள் இருக்கட்டும். லாட் எண்ணும் அன்றைய விளைச்சலும் லேப் நோட்டுக்குப் போகட்டும். பெஞ்சில் கையுறையோடு நிற்பவர் ஒன்பது பக்கம் புரட்டமாட்டார். படிகள் ஒரு பக்கத்தில், கரைசல்கள் அதன் பின்பக்கத்தில், மேல் மூலையில் கடைசியாகத் திருத்திய தேதி.