பணம் கட்டும் முன் ஒரு தப்பு செய்து பாருங்கள்

ஆங்கிலம் கற்றுத்தரும் இணையதளத்துக்குச் சந்தா கட்டும் முன், அதன் இலவசப் பயிற்சியில் வேண்டுமென்றே தப்பான விடை கொடுங்கள். ‘2 வருஷமாக’ என்பதற்கு ‘ஃபார்’ வர வேண்டிய இடத்தில் ‘சின்ஸ்’ போடுங்கள்; நம்மில் பலர் வழக்கமாகச் சறுக்கும் இடம் அது. சரியான விடையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால், அது வெறும் பரீட்சைதான், பாடம் இல்லை. கால அளவுக்கு ‘ஃபார்’, ‘2022-லிருந்து’ என்று தொடக்கத்தைச் சொல்ல ‘சின்ஸ்’ என்று விளக்கினால் காசு கொடுக்கலாம். காரணம் புரிந்தால்தானே அடுத்த வாக்கியத்தில் அதே தப்பு வராது? (சரியான விடைக்குத் தளம் தரும் பதக்கம், கைதட்டல் சத்தத்துக்கெல்லாம் மயங்காதீர்கள்.)

பேச்சு, உச்சரிப்புப் பயிற்சிக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே நீங்கள் பேசுவதைக் கேட்டுத் திருத்த ஆள் உண்டா என்று பாருங்கள்.