குதிரைச் சொற்கள்: அந்தியூர் சந்தைக்குக் கிளம்பும் முன் பழக வேண்டியவை

ஆடி பிறந்தால் சேலத்திலிருந்து பவானி வழியாக அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். வேடிக்கை பார்க்கப் போனாலும் வாங்கப் போனாலும் சொற்களை இந்த வரிசையில் பழகுங்கள்.

படி 1: ஆணா, பெட்டையா, குட்டியா?

பெண் குதிரை, பெட்டை. காயடிக்காத ஆண், பொலிகுதிரை. மட்டக்குதிரையைக் 'குட்டி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மட்டம் முழுதாக வளர்ந்த குதிரை. கால் குட்டை, கழுத்து தடிப்பு. குட்டிக்கோ உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால். சந்தேகம் வந்தால் பல்லைப் பாருங்கள். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும்.

படி 2: உயரம்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைதான் உயரம். தலை கணக்கில் வராது. அந்த மேட்டைத் 'திமில்' என்னாதீர்கள். திமில் மாட்டுக்கு உரிய சதைத் திரட்சி. குதிரைக்கு அங்கே மேடு கட்டுவது முதுகெலும்பின் நீட்சிகள்.

அளவு 'ஹேண்ட்' கணக்கில் வரும். சாணும் இல்லை, முழமும் இல்லை: 1 ஹேண்ட் 4 அங்குலம். 14.2 என்றால் 14 ஹேண்ட், 2 அங்குலம். மொத்தம் 58 அங்குலம். புள்ளியைத் தசமம் என்று நினைத்து நாலால் பெருக்கினால் 56.8 வந்து, ஒரு அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். 14.3க்கு அடுத்தது 15, 14.4 என்று ஒன்று கிடையாது. பொதுவாக 14.2 வரை மட்டக்குதிரை. அங்குலத்தில் எழுதி வைப்பதே நல்லது.

தையல் டேப் வேண்டவே வேண்டாம், தோளோடு வளைந்து அளவைக் கூட்டிக் காட்டும். சமதரையில் நிறுத்தி, மேட்டின் மேல் ரசமட்டம் வைத்த கம்பைக் கிடத்தி, கம்பிலிருந்து தரைக்கு இரும்பு டேப்பை நேராக இறக்குங்கள். தலை இயல்பான உயரத்தில் இருக்கட்டும். குனிந்து மேயும்போது அளந்தால் அளவு மாறும்.

படி 3: நிறம்

செம்பழுப்பு உடம்பில் பிடரிமயிர், வால், கால்களின் கீழ்ப்பகுதி கறுத்திருந்தால் 'பே'. கறுப்பே இல்லாமல் பிடரிமயிரும் வாலும் உடம்பு நிறத்திலோ வெளிறியோ இருந்தால் 'செஸ்ட்நட்'.

வெள்ளையில் கவனம். மூக்குத் தோல் இளஞ்சிவப்பு என்றால் நுக்ரா. கருந்தோல் என்றால் 'கிரே': அடர்நிறத்தில் பிறந்து வருடா வருடம் வெளுத்தது.

படி 4: சாமான்கள்

வாயில் கடிக்கும் இரும்பு கடிவாளம், கையில் பிடிப்பது கடிவாள வார். 'லகான்' இரண்டுக்கும் புழங்குகிறது. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். உட்காருவது சேணம், கால் நுழைப்பது அங்கவடி, குளம்பில் அடிப்பது லாடம், கட்டுமிடம் லாயம்.

பின்சேர்க்கை (வாசகர் கேள்விக்குப் பிறகு): முகத்தில் நாமம்போல் வெள்ளைப் பட்டை இறங்கிய 'கிரே' குதிரைக்கும் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். ஆகவே கண் இமையையும் பாருங்கள். இன்னும் தெளியாவிட்டால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு முதுகில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். மயிர் நனைந்து படிந்ததும் அடித்தோலின் நிறம் தெரிந்துவிடும்.