மழை விட்டபின் டிவியில் சர்வர் தெரியவில்லையா? செய்யக் கூடாத சில தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பிற்பகலில் வானம் கறுத்து இடி கேட்டால், எங்கள் வீட்டில் முதலில் நடக்கும் வேலை மோடத்தின் பிளக்கைப் பிடுங்குவதுதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்த அம்மா, அந்தக் காலத்தில் டிவி ஏரியல் கம்பியைக் கழற்றிப் போட்ட மாதிரியே இப்போது இதையும் கழற்றிவிடுகிறார். நல்ல பழக்கம், விடவே வேண்டாம். ஆனால் மழை விட்டு எல்லாவற்றையும் திரும்பப் போட்ட பிறகு பல வீடுகளில் ஒரு சிக்கல் வருகிறது. இணையம் வந்துவிடும், கைப்பேசியில் வாட்ஸ்அப் ஓடும், டிவியில் மட்டும் வீட்டு மீடியா சர்வர் தெரியாது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உறவினர் வீடுகள் சிலவற்றுக்கு, வீட்டிலுள்ள வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, அவ்வளவுதான் சர்வர். அதில் இருப்பது சினிமாப் படங்கள் மட்டும் இல்லை. கேசட்டிலிருந்து மாற்றிய தோட்டத்துக் கோயில் திருவிழா இருக்கிறது, அக்காமார் கல்யாணங்கள் இருக்கின்றன, பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடுவதற்கு முன் எடுத்த படங்களும் இருக்கின்றன. அதனால் "தம்பி, படம் வரல, எல்லாம் அழிஞ்சிருச்சா?" என்று அத்தை போன் செய்யும்போது அந்தக் குரலில் இருக்கும் பயம் எனக்குப் புரியும். அழியவில்லை அத்தை, எதையும் தொடாமல் இருங்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் வார்த்தை.

ஏனென்றால் தவறுகளில் பெரியது, சர்வர் தெரியவில்லை என்றதும் அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. எங்கள் உறவினர் ஒருவர் அப்படிச் செய்தார். வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு திருவிழா வீடியோவுக்கும் கீழே, காவடி எடுப்பவர் யார், உறுமி அடிப்பவர் யார், பின்னால் நிற்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று பாட்டியைக் கேட்டுக் கேட்டு அவர் தட்டி வைத்திருந்த குறிப்புகள் போய்விட்டன. அவை வீடியோ கோப்பில் இல்லை, சர்வரின் தரவுத்தளத்தில் இருந்தவை. மறுபடி கேட்டு எழுதப் பாட்டி இப்போது இல்லை. வெறும் முகவரிச் சிக்கலுக்காக இழந்தது அது.

இதற்கு முன்கூட்டியே ஒரு காப்பு உண்டு. ஜெல்லிஃபினில் ஒவ்வொரு நூலகத்தின் அமைப்பிலும், விவரங்களை என்எஃப்ஓ கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் நீங்கள் எழுதும் தலைப்பும் குறிப்பும் வீடியோவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பாக உட்கார்ந்துவிடும். சர்வர் போனாலும் அது இருக்கும். இதைப் படித்து முடித்ததும் முதலில் இதைச் செய்யுங்கள்.

சரி, மழைக்குப் பிறகு என்னதான் நடக்கிறது?

நாம் மோடம் என்று கூப்பிடும் பெட்டியில் ரௌட்டரும் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.0.12 என்பது போல ஓர் ஐபி முகவரியைக் கொடுப்பது அதுதான். கொடுக்கிறது என்பதைவிட இரவல் தருகிறது என்பது சரி. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால் எந்த முகவரியை யாருக்குத் தந்தோம் என்பதைப் பல வீட்டு ரௌட்டர்கள் மறந்துவிடும். திரும்பப் போட்டதும் முதலில் வந்து கேட்கிற கருவிக்கு ஒரு முகவரி, அடுத்ததற்கு இன்னொன்று. நேற்று வரை சர்வரிடம் இருந்த 12 இன்று அக்காள் மகனின் கைப்பேசிக்குப் போயிருக்கலாம். டிவியில் உள்ள செயலியோ பழைய 12ஐயே தட்டிக்கொண்டிருக்கும். சர்வர் 15இல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டே இடத்தில் பாருங்கள். முதலில் சர்வர் ஓடும் கணினியிலேயே உலாவியைத் திறந்து 127.0.0.1:8096 என்று தட்டுங்கள். எந்தக் கணினியில் தட்டினாலும் 127.0.0.1 என்பது அந்தக் கணினியையே குறிக்கும். 8096 ஜெல்லிஃபினின் வாசல் எண். ஜெல்லிஃபினுக்குப் பதில் பிளெக்ஸ் என்ற மென்பொருள் வைத்திருந்தால் 32400, அதன் பின்னால் ஒரு சாய்கோடும் வெப் என்ற சொல்லும் (/web) வேண்டும். அங்கே பக்கம் திறந்தால் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வீட்டு வைஃபையில் இருக்கும் கைப்பேசியில், சர்வர் கணினியின் இன்றைய ஐபி முகவரியைப் போட்டு அதே வாசல் எண்ணைத் தட்டுங்கள். திறந்தால் வழியும் சரி, டிவி செயலியில் முகவரியை மாற்றினால் போதும். கணினியில் திறந்து கைப்பேசியில் திறக்கவில்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முகவரிக்கு முன்னால் எச்டிடிபி (http://) என்று மட்டும் இருக்க வேண்டும். சில கைப்பேசிகள் தாமாகவே ஓர் எஸ் சேர்த்துவிடும், அதனாலேயே திறக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கணினியின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரௌட்டரில் அது மாட்டியிருக்கும் வாயிலின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் வேறு வாயிலில் மாட்டிப் பாருங்கள். இடியில் ஒரு வாயில் மட்டும் கருகிப்போய் மற்றவை வேலை செய்வது நம் பக்கம் சாதாரணம். மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கி நெட்வொர்க் கேபிளை அப்படியே விட்டுவைப்பதும் தவறுதான். செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் அதிர்ச்சி வரும், இரண்டையும் கழற்றுங்கள்.

இந்தத் தொல்லை திரும்ப வராமலிருக்க, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் சர்வருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல், கணினிக்குள் போய் கையால் ஒரு முகவரியைப் பூட்டிவிடுகிறார்கள். ரௌட்டருக்கு அது தெரியாது. அதே முகவரியை வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடக்கூடும். பிறகு சர்வர் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. இப்படி விட்டு விட்டு வருகிற கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் சிரமம்.

அடுத்து, இரண்டு ரௌட்டர் வைத்திருக்கும் வீடுகள். நம் வரிசை வீடுகள் நீளமானவை, பின்னால் சமையலறையை வேறு இழுத்துக் கட்டியிருப்போம். வைஃபை அங்கே எட்டாது. ஈப்போவுக்குப் போய் இன்னொரு ரௌட்டர் வாங்கி வந்து கேபிளை அதன் வேன் (WAN) வாயிலில், அதாவது இணையம் உள்ளே வரும் வாயிலில், மாட்டிவிடுவார்கள். இணையம் கிடைக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நேரத்திலிருந்து வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன. சர்வர் பின்கட்டில், டிவி ஹாலில் என்றால் டிவியால் சர்வரை எட்டவே முடியாது. சர்வர் ஹாலில் இருந்தால், பின்கட்டுக் கைப்பேசியில் முகவரியைத் தட்டினால் திறக்கும், தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. இரண்டாவது ரௌட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். வாங்கும்போதே அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்திருந்து டிவியை அதில் சேர்த்திருந்தாலும் இதே கதைதான். அந்த வைஃபை, வீட்டுக் கருவிகளைப் பார்க்க விடாமல் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டது.

ரௌட்டரை மாற்றிய பிறகு சர்வர் காணாமல் போனால் வெளித் தொடர்புகளைத் தடுக்கும் விண்டோஸின் தீச்சுவரை (ஃபயர்வால்) பாருங்கள். புது ரௌட்டரை விண்டோஸ் புது இடமாக நினைத்துப் பப்ளிக் என்று குறித்துக்கொள்ளும், பேருந்து நிலையத்து வைஃபையில் நடந்துகொள்வது போல வெளியாரை உள்ளே விடாது. நெட்வொர்க் அமைப்பில் அதைப் பிரைவேட் என்று மாற்றி, தீச்சுவரில் சர்வர் மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தீச்சுவரையே அணைத்துவிடுவது வேண்டாம். அதைவிட ஆபத்தானது, எங்கேயோ பார்த்துவிட்டு ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்வது, அதாவது வெளி இணையத்திலிருந்து சர்வருக்கு நேரே வழி விடுவது. வீட்டுக்குள் படம் பார்க்க அது தேவையே இல்லை. வீட்டுப் படங்களின் கதவை ஊருக்கே திறந்து வைப்பது அது.

எனக்கு மனவேதனை தரும் தவறு இன்னொன்று. படம் நின்று நின்று ஓடுகிறது என்று மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான இணையத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். வீட்டுச் சர்வரிலிருந்து டிவிக்கு வரும் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டாலும் ஜெல்லிஃபின் ஓடும். அந்தக் காசு வீண். உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சர்வரே வைஃபையில் இருப்பது. ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கேபிளால் இணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மற்றது டிரான்ஸ்கோடிங். கைப்பேசியில் 4கே தரத்தில் எடுத்த கல்யாண வீடியோவின் வடிவம் பழைய டிவிக்குப் புரியாவிட்டால், சர்வர் அதை அந்தக் கணமே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். பழைய மடிக்கணினிக்கு அது தாங்காது. படம் ஓடும்போது சர்வரின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டைத் திறந்தால் நேரடியாக அனுப்புகிறதா, மாற்றி அனுப்புகிறதா என்று தெரியும். சில வகை வசன வரிகளைப் போட்டாலும் இந்த வேலை ஆரம்பித்துவிடும், அணைத்துப் பாருங்கள்.

மடிக்கணினி தூங்கிப்போகாதபடி மின் அமைப்பை மாற்றுவதும், கைப்பேசியில், இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடுகிறதா என்று பார்ப்பதும் சின்ன விஷயங்கள், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். நூலகம் வெறுமையாகத் தெரிந்தால் வெளி ஹார்ட் டிஸ்க்கின் எழுத்து இ என்பதிலிருந்து எஃப் என்று மாறியிருக்கிறதா பாருங்கள். பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் ரௌட்டரின் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதலில் மோடம், விளக்கெல்லாம் மினுக்காமல் நிற்கும்வரை மூன்று நிமிடம், அப்புறம் சர்வர், கடைசியில் டிவி. அதற்குக் கீழே சர்வரின் முகவரி பெரிய எழுத்தில். மழை விட்டதும் அம்மா அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடுகிறார். ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்காரும்போது தோட்டத்துத் திருவிழா டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது.