திருகோணமலையில் முகங்களைப் படம் பிடிக்கப் போகிறீர்களா?

கோணேஸ்வரத்தையும் நிலாவெளிக் கடலையும் எடுத்து முடித்ததும் கமரா தானாக ஆட்களின் முகம் பக்கம் திரும்பும். இங்கே அதில் அவசரப்படாதீர்கள். 2009இல் யுத்தம் முடிந்தது, ஆனாலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு இன்னும் தேடுகிற தாய்மார் உள்ள ஊர் இது. படம் யார் கைக்குப் போகும் என்று ஒருவர் யோசித்தால் அது நியாயமான யோசனை.

முதலில், கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். விடியக் காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் பிடியுங்கள். வலை கரைக்கு வர நேரமெடுக்கும், பேச்சு வளர்வது அப்போதுதான். அண்ணா, ஐயா, அம்மா, முஸ்லிம் மக்கள் வாழும் கிண்ணியாப் பக்கமென்றால் அண்ணாவுக்குப் பதிலாக "நானா" என்று கூப்பிட்டு, நீங்கள் யார், படம் எதற்கு என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மரியாதை.

அப்புறம், "ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும்.

எடுக்கும்போது 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ் போதும், பேசுகிற தூரத்தில் நிற்கலாம். தூரத்திலிருந்து சூம் பண்ணுவது ஒளிந்து பார்ப்பது போலிருக்கும். இது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் காலை வெளிச்சம் நேரே அவர்கள் முகத்தில் விழும். வெயில் ஏறியதும் மீன்வாடி (மீனவர் கொட்டில்) நிழலுக்கு வந்துவிடுங்கள். கண்ணில் ஃபோகஸ். கடற்படை முகாம் பின்னணியில் வராமல் பாருங்கள். எடுத்ததைக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

இனி வருவதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியம்: படத்தை அச்சடித்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். 2004 சுனாமியில் கல்யாணப் படம் வரை எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு, அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் படமும் கையில் பிடிக்கிற படமும் ஒன்றல்ல. டவுனில் ஏதாவது ஸ்டூடியோவில் 4க்கு 6 அளவில் போட்டால் போதும். எந்தப் படம் யாருடையது, அவர் எந்தக் கரையில் இருப்பார் என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

இணையத்தில் போடுவதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தவர் அதற்கும் சம்மதித்தார் என்று நினைக்கக் கூடாது. பெயரையும் வீட்டு அடையாளத்தையும் அவர்களே போடச் சொன்னால் மட்டும் போடுங்கள்.