பாய்மரப் படகில் அட்லாண்டிக் கடக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல் மைல். கிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்று கைகொடுத்தால் நாற்பதடி யாட் (பாய்மரப் படகு) ஒன்று ஏறத்தாழ மூன்று வாரத்தில் போய்ச் சேரும். சூறாவளிப் பருவம் ஓயும் நவம்பரில்தான் பெரும்பாலான படகுகள் கிளம்புகின்றன. முதல்முறை போகிறவர்கள் புயலைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் நடக்கும் தவறுகளில் பாதி தூக்கம் கெட்டதால் வருபவை.

முதல் இரவு யாருக்கும் படுக்க மனம் வராது. நட்சத்திரம், டால்பின், பேச்சு என்று விடிந்துவிடும். மூன்றாம் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் துவண்டு விழுவார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்த அன்று மதியமே, முறைவைத்து விழித்துக் காவல் இருக்கும் வாட்ச் முறையைத் தொடங்கிவிடுங்கள். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று மணி நேரம் விழிப்பு, அடுத்து ஒன்பது மணி நேரம் ஓய்வு. அடுத்து விழித்திருக்க வேண்டியவர் பத்து நிமிடம் முன்பே மேலே வந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு பொறுப்பேற்க வேண்டும். தாமதமாக வருகிறவர் அடுத்தவரின் தூக்கத்தைத் திருடுகிறார். படகில் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கேப்டன் தூங்காமல் இருப்பதைப் பெருமையாக எண்ணுவது இன்னும் மோசம். முடிவெடுக்க வேண்டியவர் மூளைதான் முதலில் தெளிவாக இருக்க வேண்டும். படுக்கும் இடமும் முக்கியம். முன்பக்க அறை துறைமுகத்தில் சொகுசாக இருக்கும், நடுக்கடலில் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். படகின் நடுப்பகுதியில், பக்கவாட்டில் துணித் தடுப்பு கட்டிய குறுகிய படுக்கையில்தான் உடம்பு உருளாமல் உறங்க முடியும்.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் இருந்தது இரண்டே பேர்: லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும். ஒருவர் உறங்கும்போது படகு முழுக்க மற்றவர் பொறுப்பு. ஆள் குறையக் குறைய இந்த முறை இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

வாட்சில் இருக்கும்போது செய்யும் தவறு, ரேடார் திரையை நம்பி அடிவானத்தைப் பார்க்காமல் இருப்பது. நாள்கணக்கில் ஒரு கப்பலும் தென்படாது, அந்த வெறுமைதான் கவனத்தைத் தின்னும். பெரிய சரக்குக் கப்பலின் விளக்கு ஆறு மைல் தூரத்தில் தெரிகிறது என்று வையுங்கள். அது 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் எதிரே வருகிறது, நீங்கள் 6 நாட்டில் போகிறீர்கள். பதினான்கு நிமிடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் டைமர் வைத்துக்கொண்டு எழுந்து நான்கு திசையும் பாருங்கள்.

இரவில் தனியாக முன்தளத்துக்குப் போகவே கூடாது. ஒரு கயிறு அவிழ்ந்து ஆடும், "ஒரு நிமிஷ வேலைதானே" என்று தோன்றும். 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்கிறது. விழுந்தவருக்காக மற்றவர்கள் எழுந்து மேலே வர அரை நிமிடம் ஆனாலும் அவர் 90 மீட்டர் பின்னால் இருப்பார். இரண்டு மீட்டர் அலையில் தலை தெரியாது. கீழ்ப்படியில் நிற்கும்போதே பாதுகாப்பு வாரின் கொக்கியைப் படகில் மாட்டிவிட்டு மேலே வாருங்கள். சிறுநீர் கழிக்கப் படகின் ஓரத்தில் நிற்பதும் வேண்டாம். உள்ளே கழிவறை இருக்கிறது.

பின்காற்றில் போகும்போது பாயின் அடித்தடியை முன்பக்கம் இழுத்துக் கட்டாமல் விடுவது பெரிய தவறு. அலை படகைச் சற்றுத் திருப்பினால் போதும், அந்தத் தடி முழு வேகத்தில் மறுபக்கம் வீசும். தலை குறுக்கே இருந்தால் உயிர் போகும். இருட்டிய பிறகு வரும் திடீர் மழைக்காற்று கண்ணுக்குத் தெரியாது. சூரியன் மறையும் முன்பே பாயைக் குறைத்துவிடுங்கள். அரை நாட் வேகம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது, நிம்மதியாகத் தூங்கலாம்.

சமையலறைக் காயங்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அடுப்பு படகின் ஆட்டத்துக்கு ஏற்ப ஊசலாடும், கோப்பை ஆடாது. அதனால் கையில் பிடித்த கோப்பையில் கொதிநீர் ஊற்றினால் தொடையில்தான் விழும். கோப்பையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, பாதி மட்டும் ஊற்றுங்கள். வெயில் சுட்டாலும் சமைப்பவர் ரப்பர் கால்சட்டையோ தடித்த ஏப்ரனோ போட வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கர் இங்கே அருமையான பாத்திரம். மூடி பூட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் சோறு கொட்டாது.

தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 25 நாளுக்கு 300 லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, இயந்திரம் பழுதாகும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும். அரிசி வேகும் நீரில் மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் தனியாக உப்பே வேண்டாம்.

அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். வாழைத்தார் வாங்கினால் எல்லாம் ஒரே நாளில் பழுக்கும். முட்டைகோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு கடைசி வாரம் வரை தாங்கும். வெங்காயத்தையும் உருளையையும் மட்டும் தனித்தனியே வையுங்கள்.

குமட்டலை மறைக்காதீர்கள். மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு வயிற்றில் நிற்காது.

தினமும் காலையில் தளத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பாயை உயர்த்தும் கயிறு மூன்று வாரமும் கப்பியின் மேல் ஒரே இடத்திலேயே உரசும், அங்கேதான் அறும். தினமும் ஒரு சாண் இழுத்தோ தளர்த்தோ உரசும் இடத்தை மாற்றுங்கள். தளத்தில் ஒரு சிறு திருகாணி கிடந்தால் தூக்கி எறியாமல், அது எங்கிருந்து கழன்றது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை முன்கூட்டியே தேதி குறித்து எடுக்காதீர்கள். காற்று இல்லாமல் நான்கு நாள் தள்ளிப்போனால், அந்தத் தேதிக்காகக் கூடுதல் பாய் ஏற்றுவீர்கள், கடைசி இரவில் களைத்த கண்ணோடு அறிமுகமில்லாத துறைமுகத்துக்குள் நுழையப் பார்ப்பீர்கள். இருட்டில் போய்ச் சேர்ந்தால், கரையிலிருந்து நன்றாக விலகிப் படகின் வேகத்தைக் குறைத்து, வாட்ச் முறையை விடாமல் விடியும்வரை வெளியே காத்திருங்கள்.