யூகலிப்டஸ் எண்ணெய்: ஆய்வில் அடிக்கடி நேரும் தவறுகள்

"யூகலிப்டஸ் எண்ணெயில் 70 சதவீதம் சினியோல் உள்ளது." மாணவர்களின் ஆய்வேடுகளில் இப்படி ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. (சினியோல், இந்த எண்ணெயின் மணத்துக்கு முக்கியக் காரணமான வேதிப்பொருள்.) எந்த இனம், எந்த மரம், எந்த வயது இலை என்ற பேச்சே இருக்காது. அந்த 70, மருந்துக்கு விற்கும் எண்ணெயில் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தர நூல் வைத்திருக்கும் வரம்பு. மரங்கள் அந்த நூலைப் படித்து வளர்வதில்லை.

முதலில் இனத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லப்படும் குளோபுலஸ் இனத்தில் சினியோல்தான் மிகுதி. எலுமிச்சை வாசம் வீசும் சிட்ரியோடோராவிலோ சிட்ரோனெல்லால் என்ற வேறொரு பொருள்தான் பெரும்பங்கு. சினியோல் பேருக்குத்தான் இருக்கும். 1995-லேயே சிட்ரியோடோராவைக் கொரிம்பியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பழைய பெயரே புழங்குவதால், இரண்டின் அளவுகளையும் ஒரே அட்டவணையில் போட்டு "பெரும் வேறுபாடு கண்டோம்" என்று எழுதுகிறார்கள்.

இனத்தைச் சரியாகச் சொன்னால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டைவ்ஸ் என்ற யூகலிப்டஸ் இனத்தில், பார்வைக்குப் பிரித்தறிய முடியாத மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் எண்ணெயில் பைப்பெரிட்டோன் என்ற பொருள் மிகுந்திருக்கும், இன்னொன்றில் சினியோல். 1920-களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலாளர்கள் பென்ஃபோல்டும் மோரிசனும் இதை எடுத்துக்காட்டினார்கள். இன்று இவற்றை வேதிவகைகள் என்கிறோம். மண்ணும் மழையும் மாறியதால் வந்த வித்தியாசம் அல்ல இது, பரம்பரையாக வருவது. அதனால் பத்து மரங்களின் இலையை ஒன்றாகக் கொட்டி எண்ணெய் காய்ச்சினால் கிடைக்கும் சராசரி, அந்தப் பத்தில் எந்த மரத்துக்கும் பொருந்தாமல் போகலாம். மரத்துக்கு மரம் தனித்தனியே காய்ச்சுங்கள்.

ஒரே மரத்துக்குள்ளும் வேறுபாடு வருவதுண்டு, அபூர்வமாக. நியூ சவுத் வேல்ஸில் மெல்லியோடோரா என்ற யூகலிப்டஸ் இன மரம் ஒன்றை, இலை தின்னும் கிறிஸ்துமஸ் வண்டுகள் மொட்டையடித்தபோது, ஒரு கிளை மட்டும் பச்சையாகத் தப்பியது. அந்தக் கிளையின் இலைகளில் சினியோல் மிகுதி, மற்ற கிளைகளில் குறைவு.

இலையின் வயதையும் எழுதுங்கள். குளோபுலஸின் இளம் இலை அகலமாக, காம்பின்றி, வெண்சாம்பல் பூத்திருக்கும். முதிர்ந்தது அரிவாள்போல் வளைந்து தொங்கும். இரண்டையும் ஒன்றாகக் காய்ச்சிவிட்டால் எது எந்த இலையிலிருந்து வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆய்வுக்கூடத்தில் காத்திருப்பது வேறொரு பொறி. எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபியில் வழக்கமாகப் பயன்படும் துருவத்தன்மை குறைந்த குழாயில், எண்ணெயின் கூறுகளான லிமோனீன், பீட்டா-ஃபெல்லாண்ட்ரீன், சினியோல் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. தக்கவைப்புக் குறியீடு, அதாவது ஒரு பொருள் எப்போது வெளிவரும் என்பதைக் காட்டும் எண், மூன்றுக்கும் 1030-ஐ ஒட்டியே இருக்கும். அதனால் வரைபடத்தில் மூன்றும் ஒரே முகடாகத் தெரிய, கணினி அந்த முகட்டுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிடும். நிறை நிறமாலையைத் திறந்து பாருங்கள்: சினியோலின் மூலக்கூறு நிறை 154, மற்ற இரண்டுக்கும் 136. துருவத்தன்மை மிகுந்த குழாயிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது; அதில் லிமோனீன் விலகி வந்துவிடும். முகட்டின் பரப்பு விகிதத்தை எடை விகிதம் என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள்.

காய்ச்சிய நேரத்தைக் குறிப்பிடாத அளவுகளை ஒப்பிடவே முடியாது. சினியோல் சீக்கிரம் வெளியேறும். குளோபுலால் போன்ற கனமான கூறுகள் பிந்தி வரும். சீக்கிரம் அடுப்பை அணைத்தவருக்குச் சினியோல் விகிதம் கூடுதலாகத் தெரியும்.

கடையில் வாங்கிய புட்டியை ஒப்பீட்டுக்கு வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் மறுபடி வடித்துச் சினியோல் கூட்டிய எண்ணெய். சீனாவிலிருந்து வரும் சரக்கில் சில, யூகலிப்டஸிலிருந்தே எடுக்கப்படாமல், சினியோல் மிகுந்த சின்னமோமம் காம்ஃபோரா மரத்திலிருந்து வருபவை. கருவியைச் சரிபார்க்க வேண்டுமானால் தூய சினியோலை வாங்குங்கள்.