வேங்கைக் கட்டையின் எடை எங்கே போனது?

வேங்கை மரத்தின் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான பகுதி) மக்காமல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, மண் நிரப்பிய ஜாடிகளில் டிராமீட்டஸ் வெர்சிகலர் என்ற, மரத்தை மக்கவைக்கும் பூசணத்தோடு சின்னக் கட்டைகளை 12 வாரம் வைத்திருந்தேன். எடுத்து உலர்த்தி நிறுத்தால் சராசரி இழப்பு 13 சதவீதம். வழக்கமான கணக்கில் 10 வரைதான் முதல் தரம், அதனால் இது இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிட்டது. வேங்கைக்கு இது அதிகம்!

முதலில் தராசைச் சந்தேகித்தேன், சரியாகவே இருந்தது. அடுத்து அடுப்பு: மறுபடி 103 டிகிரியில் வைத்து எடுத்தும் அதே எடை. வைரத்தைச் சுற்றியிருக்கும், சீக்கிரம் மக்கும் வெளுத்த மரம் கலந்திருக்குமோ என்று ஒவ்வொரு கட்டையாக முனையைச் சீவிப் பார்த்தேன், எல்லாமே வைரம். ஒப்பீட்டுக்கு வைத்த ரப்பர் மரம் பாதிக்குமேல் கரைந்திருந்ததால் பூசணத்தையும் குறை சொல்ல முடியவில்லை. இப்படியே நான்கு நாள் போனது.

அப்புறம்தான், மாசு பார்க்க பூசணம் இல்லாமல் ஓரமாக வைத்த நான்கு ஜாடிகள் கண்ணில் பட்டன. கட்டைக்கு அடியிலிருந்த மரச்சில்லில் மஞ்சள் கறை. வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுமே, அதே சாயம்தான். அந்தக் கட்டைகளை நிறுத்தால் பூசணமே படாமல் 5 சதவீதம் குறைந்திருந்தது! சோதனைக்கு முன் கிருமி நீக்க ஆவியில் வேகவைத்ததிலும் ஈர மண்ணிலுமாகச் சாறு இறங்கியிருக்கிறது. நான் தொடக்க எடை எடுத்ததோ வேகவைப்பதற்கு முன்.

அந்த 5-ஐக் கழித்தேன், 8 வந்தது. இனி ஒவ்வொரு மரத்துக்கும் பூசணமில்லா ஜாடி தனியாக உண்டு.